மின்சாரம் போன பிறகு மிஞ்சுவது

தோட்டத்து அலுவலகத்துக் கணினியிலிருந்து செயற்கை நுண்ணறிவை வளர்க்கும் தரவு மையம் வரை, எழுதிவைத்தது நிலைக்குமா என்ற கேள்வியை இருபது ஆண்டுகளாக விடாமல் துரத்துகிறது ஓர் ஆய்வுக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பெயர்கள் ஏராளம்.

கேமரன் மலையில் இடிமழைக் காலத்துப் பிற்பகல்களில் மின்சாரத்தை முழுதாக நம்ப முடியாது. பிரிஞ்சாங் முகட்டில் கருமேகம் இறங்கும். தானா ராத்தா வரை இடி உருண்டு வரும். விளக்கு ஒருமுறை மங்கி எரியும். தோட்டத்து அலுவலகத்தில் ஒருவர் அன்று பறித்த கொழுந்தின் எடையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சேவ்’ கொடுத்தாகிவிட்டது. திரையும் சரி என்று சொல்லிவிட்டது. அடுத்த நொடி மின்சாரம் போகிறது. திரும்பக் கணினியைப் போட்டால் அன்றைய கணக்கு முழுதாக இருக்கலாம், பாதி மட்டும் இருக்கலாம். நேற்று வரை நன்றாக இருந்த கோப்பே ஓர் எழுத்துக்கூட இல்லாமல் வெறுமையாகக் கிடக்கவும் கூடும்.

பதிவு செய்தவர் மீது தவறில்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். அவர் விரலுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவில் பல அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வசதியான நேரத்தில், தனக்கு வசதியான வரிசையில் வேலை செய்கிறது. அந்த அடுக்குகளைப் படிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட கணினி அறிஞர்களிடம் உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன என்று கேட்டால், “இயங்குதளம், சேமிப்பகம்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். கேட்பவருக்கு அதில் கவர்ச்சி எதுவும் தென்படாது. நம் பிள்ளைகள் காதில் இந்தத் துறையின் பெயர் விழுவதே அபூர்வம். அதனால்தான் இந்த வாரம் அட்டைக்கு இதை எடுத்துக்கொண்டோம்.

செக்ரோலில் விழாத நாள்

எழுதிய கணக்கு நிலைக்க வேண்டும் என்ற கவலை இந்த மலைக்குப் புதியதில்லை. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்துபோன இந்த மேட்டுநிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தியதிலும் சரிவுகளில் செடி நட்டதிலும் கொழுந்து கிள்ளியதிலும் தமிழ்க் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விடியலில் பெரட்டு, பெயர் வாசிப்பு, பிறகு காடு. கூடையில் சேர்ந்த கொழுந்து தராசுக்கு வரும்போது மண்டோர் கைப்புத்தகத்தில் எடையைக் குறிப்பார். அது அலுவலகத்துக்குப் போய்க் கிராணியின் பெரிய புத்தகமான செக்ரோலில் ஏறும். செக்ரோலில் விழாத நாள் சம்பளத்தில் விழாது.

அந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். கிராணி பெரிய புத்தகத்தில் பாதி ஏற்றிக்கொண்டிருக்கும்போது மை கொட்டிவிட்டாலும், அவரே நடுவில் எழுந்துபோக நேர்ந்தாலும் கணக்கு போய்விடாது. கைப்புத்தகம் இருக்கிறது. அதை வைத்து மறுபடி முதலிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். மாறாக, மண்டோர் கைப்புத்தகத்திலேயே ஒரு வரியைப் பாதியில் விட்டிருந்தால், அந்த வரியை மட்டும் தள்ளிவிடலாம். பெரிய புத்தகம் பழைய நிலையில் பழுதில்லாமல் இருக்கும். எந்த நேரத்தில் தடைபட்டாலும் இரண்டு புத்தகங்களில் ஒன்று நம்பகமாக இருக்கும். இன்று உலகில் ஓடும் பெரும்பாலான கணினிகள் மின்வெட்டிலிருந்து எழுந்து நிற்பது இதே முறையால்தான். மாற்றத்தை முதலில் ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டுப் பிறகுதான் உரிய இடத்தில் எழுதுவது. இதை ஜர்னலிங் என்கிறார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது? ஒரு கோப்பில் ஒரு வரி சேர்ப்பது நமக்கு ஒரே வேலை. இயங்குதளத்துக்கு அது குறைந்தது மூன்று வேலை. வரியை ஓரிடத்தில் எழுத வேண்டும். கோப்பின் நீளம் இவ்வளவு, அதன் துண்டுகள் இன்ன இன்ன இடத்தில் என்ற விவரத்தை இன்னோரிடத்தில் மாற்ற வேண்டும். இந்த இடம் இனிக் காலியில்லை என்று மூன்றாவது இடத்தில் குறிக்க வேண்டும். மூன்றில் ஒன்று முடிந்து மற்றவை முடியாமல் மின்சாரம் போனால், காலி என்று குறித்த இடத்தில் உங்கள் வரி இருக்கும், அல்லது உங்கள் கோப்பு வேறு யாருடைய பழைய குப்பையையோ தன்னுடையது என்று காட்டும். முன்பெல்லாம் கணினி எழுந்ததும் வட்டு முழுவதையும் துழாவி இந்த முரண்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வட்டுகள் பெருக்கப் பெருக்க அந்தத் துழாவல் மணிக்கணக்காயிற்று. லினக்ஸின் எக்ஸ்ட்3 கோப்பு முறைமை 2001இல் ஜர்னலிங்குடன் வந்தபோது பலருக்கும் பெரிய நிம்மதி.

ஆனால் குறிப்பேட்டை முதலில் எழுது என்று சொல்லிவிட்டால் போதாது. ஹார்ட் டிஸ்க் தன்னுள் ஒரு சிறு நினைவகம் வைத்திருக்கிறது. வந்ததை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு “எழுதிவிட்டேன்” என்று பதில் சொல்லிவிடும். உண்மையில் எழுதுவது பிறகு, அதுவும் தனக்குத் தோதான வரிசையில். வரிசை காக்கப்பட வேண்டுமானால் நடுவில் நிறுத்தி, “கையில் இருப்பது எல்லாவற்றையும் இப்போதே கீழே இறக்கு” என்று கட்டளையிட வேண்டும். அந்தக் கட்டளை மிக மெதுவானது. வேகம் வேண்டும் என்பவர்கள் அதை அணைத்துவிடுவார்கள். வேகத்துக்கும் பத்திரத்துக்கும் இடையிலான இந்த இழுபறியில்தான் நம் கதையின் ஆட்கள் வருகிறார்கள்.

மேடிசனில் ஒரு கூட்டம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன் நகரில். அங்கே ஆன்ட்ரியா அர்பாச்சி-டூசோ, ரெம்சி அர்பாச்சி-டூசோ என்ற பேராசிரியத் தம்பதி நடத்தும் ஆய்வுக்குழு, சேமிப்பகம் எப்படியெல்லாம் தோற்கும் என்பதை ஆண்டாண்டாகத் தோண்டிவருகிறது. அக்குழுவின் ஆய்வுத்தாள்களை வரிசையாக எடுத்து ஆசிரியர் பெயர்களை வாசித்துப் பாருங்கள். முத்தையன் சிவத்தாணு, விஜயன் பிரபாகரன், லட்சுமி பைரவசுந்தரம், சுவாமிநாதன் சுந்தரராமன், தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன், ஐஸ்வர்யா கணேசன். இயங்குதள ஆய்வின் உச்ச மாநாடுகளில் இப்படி ஒரு பெயர் வரிசை ஒரே குழுவிலிருந்து வந்திருப்பதை நம் ஏடுகள் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

விஜயன் பிரபாகரன் முதல் ஆசிரியராக இருந்த 2005ஆம் ஆண்டு ஆய்வு ஓர் எளிய சந்தேகத்திலிருந்து பிறந்தது. ஹார்ட் டிஸ்க் ஒன்று முழுதாக வேலை செய்யும், இல்லாவிட்டால் முழுதாகச் செத்துவிடும் என்று கோப்பு முறைமைகளை எழுதியவர்கள் எண்ணியிருந்தார்கள். நடைமுறையில் வட்டு அப்படிச் சாவதில்லை. ஒரு மூலை மட்டும் கெடும், ஒரு துண்டு மட்டும் படிக்க வராது. இந்தக் குழு வேண்டுமென்றே அத்தகைய பிழைகளைப் புகுத்தி எக்ஸ்ட்3 முதலிய கோப்பு முறைமைகள் என்ன செய்கின்றன என்று பார்த்தது. சில சமயம் பிழையைக் கவனித்தன, சில சமயம் விட்டுவிட்டன. ஒரே முறைமைக்குள் ஒரே மாதிரிப் பிழைக்கு இடத்துக்கு ஒரு நடத்தை.

சந்தேகம் சரிதானா, வட்டுகள் உண்மையில் இப்படிக் கெடுகின்றனவா? இதற்கு எண்களோடு பதில் தந்தவர் லட்சுமி பைரவசுந்தரம். நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்புக் கருவிகளில் ஓடிய 15 லட்சத்து 30 ஆயிரம் வட்டுகளின் வரலாற்றைக் கூட்டாளிகளோடு அலசினார். 2007இல் வெளியான முதல் ஆய்வில், 32 மாதக் காலத்தில் 3.45 விழுக்காடு வட்டுகளில் படிக்க முடியாத துண்டுகள் தோன்றியிருந்தன. அடுத்த ஆண்டு வெளியானது இன்னும் கலவரமானது. 41 மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தரவு, எழுதப்பட்டது போல் இல்லாமல் மாறிப்போயிருந்தது. வட்டு பிழை என்று சொல்லவில்லை. கேட்டதும் எடுத்துக் கொடுத்தது, தவறானதை. ஒவ்வொரு துண்டுடனும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியே எழுதி வைத்திருந்ததால்தான் கண்டுபிடிக்கவே முடிந்தது. விலை குறைந்த வட்டுகளில் இந்தக் கோளாறு உயர்தர வட்டுகளைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. நம் வீடுகளிலும் சங்கங்களிலும் பள்ளிகளிலும் இருப்பவை எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை.

விஜய் சிதம்பரமும் தாணுமாலயனும் தங்கள் பேராசிரியர்களோடு 2013இல் கொண்டுவந்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. இறக்கு என்ற அந்த மெதுவான கட்டளைக்குள் இரண்டு வேறு வேண்டுகோள்கள் ஒட்டிக்கிடக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். ஒன்று, இது அதற்கு முன்னால் போக வேண்டும் என்ற வரிசை. இரண்டு, இது இப்போதே போய்ச் சேர வேண்டும் என்ற உடனடி. பல நேரங்களில் நமக்கு வேண்டியது வரிசை மட்டும்தான். கடைசி சில நொடி வேலை போனாலும் பரவாயில்லை, இருப்பது முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருந்தால் போதும். ஆகவே இரண்டையும் தனித்தனிக் கட்டளைகளாகப் பிரித்து, வரிசை மட்டும் கேட்பவருக்கு வட்டை நிறுத்தாமலே அதைக் காப்பாற்றித் தரும் கோப்பு முறைமை ஒன்றைக் கட்டினார்கள். பல ஆண்டுகளாக எல்லோர் கண்முன்னும் ஒரே முடிச்சாகக் கிடந்ததை இரண்டு நூலாகப் பிரித்துக் காட்டிய வேலை அது. விஜய் சிதம்பரம் பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஆசிரியரானார்.

யார் பொறுப்பு?

2009இல் லினக்ஸ் உலகில் ஒரு பெரும் வாக்குவாதம் நடந்தது. புதிய எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கு மாறியவர்களில் சிலர், கணினி திடீரென்று நின்று மீண்டும் எழுந்தபோது தங்கள் கோப்புகள் சில வெறுமையாக இருப்பதைக் கண்டார்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கொழுந்துக் கணக்கின் கதிதான். வேகத்துக்காக எக்ஸ்ட்4 எழுத்தைத் தள்ளிப்போட்டது. புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதிப் பழையதன் பெயருக்கு மாற்றும் செயலிகள், எழுத்து இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்யாமல் பெயரை மாற்றின. பெயர் மாறிவிட்டது, உள்ளடக்கம் வந்துசேரவில்லை. தவறு செயலியுடையதா, கோப்பு முறைமையுடையதா? இரு தரப்பிலும் விவரம் தெரிந்தவர்கள் நின்று வாதாடினார்கள்.

அந்த வாக்குவாதத்தை ஆய்வாக மாற்றியது 2014இல் தாணுமாலயன் முதல் ஆசிரியராக வெளிவந்த படைப்பு. விஜய் சிதம்பரமும் ராம்நாத்தன் அழகப்பனும் அதில் இருக்கிறார்கள். இரண்டு கருவிகள் செய்தார்கள். பாப் என்ற கருவி ஆறு லினக்ஸ் கோப்பு முறைமைகளைச் சோதித்தது. எந்த வரிசையைக் காப்பாற்றும், எதைக் கைவிடும் என்பதில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்று தெரிந்தது. ஆலிஸ் என்ற கருவி, செயலிகள் எழுதும் முறையைப் பின்தொடர்ந்து, எந்தெந்த இடத்தில் மின்சாரம் போனால் உடையும் என்று தேடியது. உலகம் முழுவதும் நம்பி ஓட்டும் 11 மென்பொருள்களில் 60 பலவீனங்கள் அகப்பட்டன. கைபேசிச் செயலிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் எஸ்க்யூலைட், நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும் கிட் போன்றவை சோதிக்கப்பட்டவற்றில் அடங்கும். யார் பொறுப்பு என்பதைவிட, இரு தரப்பும் எதற்கு உடன்பட்டிருக்கிறோம் என்று எழுதிக்கொள்ளவே இல்லை என்பது வெளிச்சமாயிற்று.

ஆஸ்டினில் விஜய் சிதம்பரத்தின் மாணவர்கள் இதை இன்னொரு படி எடுத்துப் போனார்கள். ஜெயஸ்ரீ மோகன் முதல் ஆசிரியராக 2018இல் வந்த கிராஷ்மங்கி ஆய்வின் அடிப்படை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. அதுவரை பதிவான பிழைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றைப் புதிய வட்டு ஒன்றில் இரண்டு மூன்று செயல்களைச் செய்து கணினியை நிறுத்தினாலே வரவழைத்துவிடலாம். அப்படியானால் அத்தகைய சிறு செயல் வரிசைகளை எல்லாம் இயந்திரத்தைக் கொண்டே உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மின்வெட்டைப் பாவனை செய்து பார்க்கலாமே? பார்த்தார்கள். முந்தைய ஐந்தாண்டுகளில் பதிவான 26 பிழைகளில் 24ஐ அந்தக் கருவி தானே கண்டுபிடித்தது. அதோடு முதிர்ந்த லினக்ஸ் கோப்பு முறைமைகளில் யாரும் அறியாத 10 புதிய பிழைகளும் வெளிவந்தன. அவற்றில் ஏழு, 2014 முதலே உள்ளே இருந்தவை. பிழையில்லை என்று கணித முறையில் நிரூபிக்கப்பட்ட எஃப்எஸ்சிக்யூ என்ற கோப்பு முறைமையிலும் ஒன்று அகப்பட்டது. நிரூபணம் சரியாகவே இருந்தது. நிரூபணத்துக்கு வெளியே, இயங்குதளத்தோடு அதை இணைத்த பகுதியில் இருந்தது பிழை.

ஒன்றுக்கு மூன்று கணினிகளில் பிரதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஐஸ்வர்யா கணேசனும் ராம்நாத்தனும் குழுவினரும் 2017இல் இதைத்தான் கேட்டார்கள். பல கணினிகளில் பிரதி வைக்கும் எட்டு மென்பொருள்களை எடுத்து, ஒரே ஒரு கணினியில், ஒரே ஒரு துண்டைக் கெடுத்துப் பார்த்தார்கள். மற்றப் பிரதிகள் நன்றாக இருந்தும் பலவற்றில் தரவு தொலைந்தது, அல்லது சேவை நின்றது. சிலவற்றில் கெட்ட பிரதியே மற்ற நல்ல பிரதிகளுக்கும் பரவியது. மறு ஆண்டு ராம்நாத்தன் முதல் ஆசிரியராகத் தந்த தீர்வுக்குச் சேமிப்பகத் துறையின் முதன்மை மாநாடான ஃபாஸ்டில் சிறந்த ஆய்வுத்தாள் விருது கிடைத்தது. ஐஸ்வர்யாவும் ராம்நாத்தனும் இன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள்.

தொலைந்தால் யாருக்கு நட்டம்?

மேடிசனில் நடந்ததைக் கேமரன் மலையோடு ஏன் சேர்க்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: ஒரு பதிவு தொலைந்தால் அதன் சுமை எப்போதும் கடைசியில் நிற்பவர் மீதே விழுகிறது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், பழைய தோட்டத்து ஏடு கிடைக்காமல், இந்நாட்டில் பிறந்தவர் என்று நிறுவ அலுவலகம் அலுவலகமாக அலைந்த தமிழர்களை மலேசியாவில் அறியாதவர் யார்? அந்த ஏடு கரையானுக்குப் போயிருக்கலாம், தோட்டம் கைமாறியபோது குப்பையோடு போயிருக்கலாம். ஏட்டை வைத்திருந்தவருக்கு அது பழைய காகிதம். பெயர் இருந்தவருக்குக் குடியுரிமை.

இன்று அந்த ஏடுகள் கணினியில் இருக்கின்றன. கொழுந்து கிள்ளும் கைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களுடையவை. கத்தரிக்கோலும் இயந்திரமும் கூடையின் வேகத்தை மாற்றிவிட்டன. எடையும் நாளும் சம்பளமும் எங்கோ ஒரு வட்டில் பதிவாகின்றன. அது பிழையாகப் பதிந்தாலும், பதிந்தது மாறிப்போனாலும், முறையிட வேண்டியவர் இந்நாட்டு மொழி தெரியாத ஒருவராக இருக்கக்கூடும். நம் தாத்தா பாட்டி நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்கள், மூடிய தமிழ்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள், முதியோரின் ஒலிப்பதிவுகள் என்று நல்ல உள்ளங்கள் பல திரட்டி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில், அலமாரிக்குள். லட்சுமி பைரவசுந்தரத்தின் எண்களைப் படித்த பிறகு அப்படி விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. பென்டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் தரவு மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் அது மெல்லக் கசியும். இரண்டு ஊர்களிலாவது பிரதி வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டுத் தனியே எழுதிவைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட வேண்டும். இலவச மென்பொருளால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை இது. பிரதி எடுத்தால் மட்டும் போதாது, கெட்டதையும் சேர்த்தே பிரதி எடுத்துவிடுவோம்.

அடுத்த கேள்விகள்

இந்தத் துறையில் எல்லாம் கண்டாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். வட்டில் இறக்கச் சொன்ன கட்டளை தோற்றால் திரும்பச் சொன்னால் போதும் என்று அது சுமார் 20 ஆண்டுகள் நம்பியிருந்தது. முதல் தோல்விக்குப் பிறகு லினக்ஸ் அந்தத் தரவை இறங்கிவிட்டதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த முறை வெற்றி என்று பதில் வரலாம் என்பது 2018இல்தான் அதை உருவாக்குபவர்களுக்கு உறைத்தது. 2019இல் போஸ்ட்கிரெஸ் வழியை மாற்றியது. அந்தக் கட்டளை தோற்றால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, குறிப்பேட்டிலிருந்து கணக்கை மீட்டெடுக்கிறது.

எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்க நாள்கணக்கில், வாரக்கணக்கில் இயந்திரங்கள் ஓடுகின்றன. நடுவில் ஒன்று நின்றால் கடைசியாக எங்கே சேமித்தோமோ அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். அடிக்கடி சேமித்தால் பயிற்சி மெதுவாகும், எப்போதாவது சேமித்தால் மணிக்கணக்கான கணிப்பு வீணாகும். ஜெயஸ்ரீ மோகனும் விஜய் சிதம்பரமும் மைக்ரோசாஃப்ட்டின் அமர் பனிஷாயியோடு 2021இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். எப்போது சேமிப்பது என்பதை ஓட்டத்தை அளந்து கருவியே முடிவு செய்யும், சேமிப்பு பயிற்சியோடு இணையாக நடக்கும். மீட்சிக்கு மணிகள் பிடித்தது நொடிகளுக்கு இறங்கியது. பயிற்சியில் கூடிய தாமதம் 3.5 விழுக்காட்டுக்குள் அடங்கியது.

கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளில் படித்துவிட்டு இன்று கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செயலி செய்யவும் இணையப்பக்கம் வடிவமைக்கவும் அவர்களுக்கு வழிகாட்ட ஆள் உண்டு. கீழடுக்கைக் காட்டத்தான் ஆள் குறைவு. நுழைவாயில் திறந்தே இருக்கிறது. அர்பாச்சி-டூசோ தம்பதி எழுதிய இயங்குதளப் பாடநூலின் எல்லா அத்தியாயங்களையும் இலவசமாகப் படிக்கலாம். எம்ஐடி கற்பித்தலுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தை வரி வரியாக வாசித்துவிட முடியும். ஆலிஸ், கிராஷ்மங்கி இரண்டின் நிரலும் பொதுவில் உள்ளன. பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டி, ஒரு கோப்பை எழுதவிட்டு, நடுவில் அதன் மின்சாரத்தைப் பிடுங்கி, எழுந்ததும் உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கலாம். எதிர்பார்த்தது இல்லையென்றால் ஏன் என்று தேடலாம். பத்துப் புதிய பிழைகளை ஆஸ்டின் மாணவர்கள் கண்டுபிடித்ததும் இந்தச் சோதனையைத்தான் பல லட்சம் தடவை இயந்திரத்தைக் கொண்டு செய்து.